அக்காவின் கணவரைக் குடும்ப நண்பர் என்று போட மாட்டேன்

கர்த்தருடைய சமூகத்தில் இளைப்பாறுகிற எங்கள் அக்காவை நினைத்து ஜெபிக்க இன்று கூடியிருக்கும் உறவினருக்கும் சபையாருக்கும் அக்காவின் தங்கை எழுதிக்கொள்வது. அக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அக்காவைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுதப்போகிறேன். உங்களைப் பற்றி அப்படி உறுதி தர முடியாது.

போன வாரம் எங்கள் அண்ணன் பீர்மேட்டில் இருக்கும் என் தையல் கடைக்கு வந்தார். மலரில் அக்காவின் குடும்ப விவரம் எப்படி வர வேண்டும் என்று சொல்ல வந்தாராம். உட்காரக்கூட இல்லை.

“கணவர்னு செத்துப்போன மொத மாப்பிள்ள பேரு மட்டும் போதும். அந்தச் சித்திரபுரத்துக்காரரைக் குடும்ப நண்பர்னு போட்டுரு.”

“அண்ணே, அவரு அக்காவுக்குத் தாலி கட்டுனவரு.”

“அதெல்லாம் எனக்கும் தெரியும். நாலு பேரு வாசிக்கிறது. நமக்கு அசிங்கம்லா?”

அசிங்கமாம்! எது அசிங்கம் என்று இதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அக்கா பிறந்தது எஸ்டேட் தொழிலாளர் லயத்தில், மழைக்காலம் முழுக்கச் சுவர் கசிந்துகொண்டிருக்கும் ஒற்றை அறை வீட்டில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர். மூத்தவர் அண்ணன், நடுவில் அக்கா, கடைசியில் நான். அக்கா வகுப்பில் எப்போதும் முதல் மார்க். ஆனாலும் அண்ணனைப் படிக்கவைக்க வேண்டும் என்று அக்காவை நிறுத்திக் கொழுந்து கிள்ள அனுப்பினார்கள். அண்ணன் படித்தாரா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு முதலில் வாய்த்த மூத்த அத்தான் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நல்ல மனுஷர். அதிர்ந்து பேச மாட்டார். பிள்ளை இல்லை. மஞ்சள் காமாலை வந்து சீக்கிரமே போய்விட்டார். அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அண்ணன் அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஊரெல்லாம் அதை ஆதரவு என்று சொல்லி அவரைப் புகழ்ந்தது.

அந்த ஆதரவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் சமைத்துவைத்துவிட்டு அக்கா மலைக்குப் போவார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வந்ததும் அண்ணன் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார். எங்கள் அம்மா விழுந்து படுக்கையான பிறகு துணி அலசிப் போட்டதும் அவர்தான். அண்ணன் மனைவி மதினிக்கு இடுப்பு வலி. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அதே இடுப்பு வலி.

அக்காவுக்கு இருந்த ஒரே ஓய்வு சனிக்கிழமை சாயங்காலம் சபையில் நடக்கும் பெண்கள் கூட்டம். ஜெபம் முடிந்ததும் அங்கே ஒரு கிறிஸ்தவ நாவலை வாரம் ஓர் அத்தியாயமாக வாசித்தார்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணும் மனைவியை இழந்த ஓர் ஆணும் நடுவயதில் சந்தித்து, கர்த்தர் தந்த இரண்டாம் வாழ்வு என்று நம்பிக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. குரல் தெளிவு என்பதால் அக்காதான் வாசிப்பார். அந்த ஆள் அவளிடம் சம்மதம் கேட்கும் இடத்தில் கூட்டமே அழுதது. மதினி முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, “பாவம் அந்தப் புள்ள, ஆண்டவரு இப்பவாச்சும் கண்ணத் தொறந்தாரே” என்றார். அதை நான் என் காதால் கேட்டேன்.

அதே வருஷம்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாளைக் கவனிக்க அவருடைய தம்பி வந்திருந்தார். சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருப்பவர், லைன்மேன், மனைவியை இழந்தவர். தம் அக்காவுக்குக் கஞ்சி வாங்கிவரும்போது எங்கள் அக்காவுக்கும் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்தார். “ஒங்களுக்கும் யாராச்சும் வாங்கித் தரணும்லா” என்று மட்டும் சொன்னாராம். அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அதற்கு முன் அவருக்கு யாரும் டீ வாங்கித் தந்ததில்லை.

சில மாதம் கழித்து அவர் பஸ் மாறி மாறிப் பீர்மேட்டுக்கு வந்து என் கடை வாசலில் நின்றார்.

“ஒங்க அக்காகிட்ட நான் கேட்டா தப்பா நெனைப்பாகளா?”

அக்காவிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்துவைத்தார். பிறகு, “பயமா இருக்குடி. ஆனா வேணாம்னு சொல்ல வாய் வரல” என்றார்.

நம் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் விவாகம் செய்யப்போகிறார்கள், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். கேட்பது முறைக்குத்தான். எனக்கு நினைவு தெரிந்து யாரும் எழுந்ததில்லை. அன்றைக்கு எங்கள் அண்ணன் எழுந்தார்.

“தடை இருக்கு ஐயா.”

“என்ன தடை? ரெண்டு பேருக்கும் ரத்த உறவு இருக்கா?”

“இல்ல. இவ போயிட்டா எங்க அம்மாவ யாரு பாக்குறது?”

போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க மகன்தானே? நீங்க பாருங்க. இது தடையில்ல, உக்காருங்க.”

அண்ணன் உட்காரவில்லை. வெளியே போனார். பின்னால் மதினி போனார். நாவலுக்கு அழுத பெண்களில் பாதிப் பேர் போனார்கள். “சீச்சீ, இந்த வயசுல இவளுக்கு இது கேக்குதாக்கும்!” என்று வாசலில் ஒரு குரல். கதையில் வந்தால் கண்ணீர், பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவளுக்கு வந்தால் காறித் துப்புவது! இதை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. கல்யாணத்துக்குப் பாடகர் குழு வரவில்லை. போதகர் ஐயாவும் நானுமே பாடினோம். என் குரல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவையும் அக்காவே சித்திரபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்த அத்தான் தினமும் காலையில் அம்மாவைத் தூக்கிவந்து வெயிலில் உட்காரவைப்பார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, கடைசி நாட்களில் “மருமகன் எங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார். மகன் எங்கே என்று கேட்கவில்லை.

அக்கா அந்த வீட்டில் சிரித்தார். இப்படி எழுதவேண்டியிருப்பதே எனக்குக் கேவலமாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நாவலை அத்தானுக்கும் வாசித்துக் காட்டினாராம். “அந்தாளு ரொம்பப் பேசுதான்” என்று சொல்லிவிட்டு அத்தான் தூங்கிப்போனாராம். இதைச் சொல்லிச் சிரித்து அக்காவுக்குப் புரையேறும்.

பிறகு வயிற்றில் புற்றுநோய். கோட்டயத்துக்கு அழைத்துப்போனதும், வாந்தியைக் கையில் ஏந்தியதும், முடி கொட்டிய தலையில் துண்டு கட்டிவிட்டதும் அத்தான்தான். நீங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினீர்கள். அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: “அவுகள யாரோ மாதிரி விட்டுறாதடி.”

அடக்கத்துக்கு மட்டும் அண்ணன் முன்னால் வந்து நின்றார். நம் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுவர வேண்டும் என்றார். சண்டை வேண்டாம் என்று அத்தான் ஒப்புக்கொண்டார். குழியில் முதல் பிடி மண் போட வேண்டியவர் கணவர். மைக்கில் அண்ணனை அழைத்தார்கள், மதினியை அழைத்தார்கள், அவர்கள் பிள்ளைகளை அழைத்தார்கள். அதற்குப் பிறகு, “அடுத்ததாகக் குடும்ப நண்பர்” என்றார்கள்.

அத்தான் குனிந்து மண்ணை எடுத்தார். நான் மைக்கைப் பிடுங்கி, “புருஷன்! அவரு புருஷன்!” என்று கத்தினேன். சாவு வீட்டில் சத்தம் போட்டவள் என்று இன்றுவரை என்னைத்தான் பேசுகிறீர்கள். பேசுங்கள்.

இனி நன்றி. வெளியாருக்குத்தான் நன்றி சொல்வது, வீட்டாருக்குச் சொல்வதில்லை என்பது நம் பழக்கம். அதை மீறாமல் சொல்கிறேன். தடையைத் தடையில்லை என்று சொன்ன போதகர் ஐயாவுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் அக்காவைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், சித்திரபுரத்தில் அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. மலர்வளையம் அனுப்பிய பெண்கள் கூட்டத்தாருக்கு நன்றி. அடக்கத்துக்கு வந்து போன அண்ணனுக்கும் மதினிக்கும் நன்றி.

அத்தானுக்கு நான் நன்றி சொல்லவில்லை. வீட்டார் சார்பில் உங்களுக்கு நன்றி சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு. அவர் சொல்ல, கொழுந்தியாள் நான் எழுதினேன்:

எங்கள் துக்கத்தில் பங்கெடுத்த எல்லாருக்கும் நன்றி கூறுவது,
அக்காவின் கணவர்.