அதே இடத்தில் நின்ற பீக்

லேபில் சேர்ந்த இரண்டாம் மாதம், எல்லோரும் கொண்டாடிய ஒரு ரிசல்ட்டைத் தப்பு என்று சொன்னேன்.

எங்கள் வேலை இதுதான். உடம்பின் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே டிஎன்ஏதான். சில புரதங்கள் அதில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து, எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு அதைப் பிடித்து இழுப்போம். ஒட்டிக்கொண்டு வரும் டிஎன்ஏ துண்டுகள் குவிந்த இடம் ஸ்கிரீனில் மலைபோல் எழும். அதுதான் பீக்.

எங்கள் புரதத்துக்கு ஒரு பீக் மிக உயரமாக நின்றது. லேபை நடத்தும் சார் வெள்ளிக்கிழமை அதை ரிப்போர்ட்டில் அனுப்பவிருந்தார். பக்கத்து மேசை கார்த்திகா வேறொரு புரதத்தில் வேலை செய்பவள். அவள் ஸ்கிரீனிலும் அதே இடம், அதே உயரம். "ரெண்டும் ஜோடி போட்டுக்கிச்சு போல," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மா அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். பள்ளி விடுமுறையில் அந்தத் தறிச் செட்டில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பழுது பார்த்திருக்கிறேன். ஒரு பீஸில் கோடு விழுந்தால் நூலைப் பார்ப்போம். நூலை மாற்றியும் ஒவ்வொரு பீஸிலும் அதே இடத்தில் விழுந்தால், பழுது தறியில்தான் என்று தறியை நிறுத்துவோம்.

அந்த பீக் நம் புரதத்தால் வந்தது இல்லை என்று சாரிடம் சொன்னேன். "வந்து ரெண்டு மாசம் ஆகல. உனக்கு மட்டும் தெரியுதாக்கும்?" என்றார்.

"அந்தப் புரதமே இல்லாத செல்லு ஃப்ரீசர்ல இருக்கு சார். அதுல ஓட்டிப் பாக்குறேன். பீக் மறைஞ்சுட்டா நீங்க சொன்னதுதான் சரி."

"மறைஞ்சா, உன்னை எதுக்கு இங்க வச்சிருக்கணும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மூன்று மாத ஒப்பந்தம் நீள அவர் கையெழுத்து வேண்டும். ஆனாலும் ரிப்போர்ட்டை நிறுத்திவைத்தார்.

இரண்டு வாரம் கழித்து டேட்டா வந்தது. புரதம் இல்லாத செல்லிலும் அதே பீக். அது எந்த ஆன்டிபாடி போட்டாலும் துண்டுகள் குவிகிற இடம். அதை நீக்கினேன். அதுவரை தரையோடு கிடந்த சின்ன பீக்குகள் தலை தூக்கின. புரதம் இல்லாத செல்லில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. எங்கள் புரதம் உண்மையில் உட்காரும் இடங்கள் அவைதான்.

சார் இரண்டு டேட்டாவையும் ஸ்கிரீனில் அருகருகே வைத்து ஒப்பிட்டார். "இன்ஸ்டிட்யூட் மீட்டிங்ல இதைப் பத்தி நீயே பேசு," என்றார். ஒப்பந்தத்திலும் அன்றே கையெழுத்துப் போட்டார்.

அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடப் படி ஏறாதவர். "ஏத்தா, இது செட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? இதுக்கா உன்னையப் பேசக் கூப்பிடுறாக?"

"ஆமாம்மா. மைக்கெல்லாம் வச்சு."

"தறிச் சத்தத்துல வளந்தவளுக்கு மைக்கு எதுக்கு?"

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல ரிசல்ட் வந்தால், வரக்கூடாத இடத்திலும் அது வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

மீட்டிங்கில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினேன். கடைசி வரிசை வரை கேட்டது.