கடைசி பெஞ்சில் பேசியவள்

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது கிடையாது. சொன்னவள் அப்படிப்பட்டவள். அடுத்தவர் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்வதுதான் அவள் பிழைப்பு. "எனக்குப் பசிக்குது" என்று ஒருவன் சொன்னால், "இவருக்குப் பசிக்கிறதாம்" என்று அவள் சொல்ல மாட்டாள். "எனக்குப் பசிக்கிறது" என்றுதான் சொல்வாள். மொழிபெயர்ப்பாளர் என்றால் அப்படித்தான். பேசுகிறவர் எவரோ, அந்த நேரத்துக்கு அவராகவே ஆகிவிட வேண்டும்.

வீட்டில் அவளைக் கிளி என்று கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பெயர்.

கல்லூரியை முடித்த கையோடு கிளிக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. நாடுகள் எல்லாம் கூடி நடத்தும் அமைதிப் பணியில் சேர வேண்டும். சண்டை நடந்த ஊர்களுக்குப் போய், அடித்துக்கொண்டவர்களை உட்கார்ந்து பேச வைக்க வேண்டும். மூன்று அயல்மொழிகளை விழுந்து விழுந்து படித்தாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். நேர்காணலில் தேறினாள். அப்புறம்? "தகுதியானவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டோம், காத்திருங்கள்" என்றார்கள். காத்திருந்தாள். வரிசை அசையவே இல்லை. தேர்ச்சியும் காலாவதியானது. மறுபடி தேர்வு, மறுபடி வரிசை. இப்படிப் பத்து வருடம் போனது. கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

"உன்னை வேலைக்கு எடுக்கிறதுக்குள்ள உலகத்துல சண்டையே நின்னுடும் போலிருக்கே" என்பான் அண்ணன்.

கடைசியில் கிடைத்தது மூன்று மாத ஒப்பந்தம். அது முடிகிற வாரம் வரை அடுத்த மூன்று மாதம் உண்டா இல்லையா என்று எவனுக்கும் தெரியாது. நிரந்தரக்காரர்களுக்கு நீல அட்டை. இவளுக்கு மஞ்சள். மஞ்சள் அட்டைக்கு முகாமில் சொந்த மேசை கிடையாது. குண்டு துளைக்காத உடுப்புகூட யாரோ ஒரு தடியனுடையது, போட்டால் தொடை வரை தொங்கும். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. யாரோ இருவர் கத்துவதை மாற்றி மாற்றிச் சொல்லி, ராத்திரி தொண்டை கட்டிப் படுக்கும்போதெல்லாம், 'நான் நினைத்து வந்தது இதுதானா?' என்று இருக்கும்.

அன்றைக்குக் காலையில் அவளுடைய மேலதிகாரி வண்டியில் முன்சீட்டிலிருந்து திரும்பினார். தடித்த கண்ணாடி போட்ட மனிதர். நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. கோப்பு முடிந்தால் போதும் என்கிற ரகம்.

"இதுதான் கடைசிக் கூட்டம். ஊர்ல அமைதி திரும்பிடுச்சு, எங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு ஊர்க்காரங்க வாயால சொல்லிட்டா முகாமை மூடிடலாம். இது சுமுகமா முடியட்டும். நிரந்தர வேலைக்கு உங்க பேரை நானே மேல அனுப்பறேன்."

"நிஜமாவா சார்?"

"நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?"

கிளிக்குப் பன்னிரண்டு வருட நாய்ப்பாடு. ஒரு காலைப்பொழுதில் விடியப்போகிறது.

கூட்டம் பள்ளிக்கூடத்தில். ஒரே ஒரு பெரிய வகுப்பறை. ஜன்னலுக்கு வெளியே புதுத் தண்ணீர்த்தொட்டி பளபளவென்று நின்றது. அமைதிப் பணி ஊருக்குக் கட்டிக்கொடுத்தது. இடம் கொடுத்தவர் ஊர்த்தலைவர். பள்ளம் ஏற்கெனவே தோண்டியிருக்கிறது, அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று அவரே காட்டினாராம்.

கூட்டம் பத்தரை மணிக்குத் தொடங்கியது. அறை நெரிந்தது. உட்கார இடமில்லாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஆனாலும் கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. 'நிற்கிறவர்கள் அங்கே உட்காரலாமே' என்று கிளி நினைத்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதிகாரி பேசினார். கிளி ஊர் மொழியில் சொன்னாள். ஊர்த்தலைவர் பேசினார். கிளி அதிகாரிக்குச் சொன்னாள். மேசை ஓரத்தில் ஒலிப்பதிவுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் ஊர்த்தலைவர்.

அதைச் சொல்லி முடித்தபோதுதான் கிளிக்கு ஒரு வாடை வந்தது. ஈர மண் வாடை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கதவு முன்பக்கம். எல்லாரையும் தாண்டித்தான் வர வேண்டும். எப்போது வந்தாள்? முப்பது வயது இருக்கும். முடி முகத்தோடு ஒட்டியிருந்தது. உடுப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... என்று தரையில் விழுந்தது. பக்கத்தில் நின்றவன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் கையைத் தூக்கினாள்.

அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்த்தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். கிளி தயங்கினாள். இப்போது எதற்கு இவள்? முடிகிற நேரத்தில்? நிரந்தர வேலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதற்குள் அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். மெல்லிய குரல். ஆனால் காதுக்குள்ளேயே பேசுகிற மாதிரி கேட்டது. பேச்சு காதில் விழுந்தால் கிளியின் வாய் சும்மா இருக்காது. பழக்கம்.

"சண்டை நாள்ல நான் உங்க முகாமுக்கு வந்தேன்" என்றாள் கிளி, அதிகாரியின் மொழியில். "ரெண்டு பிள்ளைங்களோட வந்தேன்."

"ம்" என்றார் அதிகாரி, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"என் ஆளுங்க எல்லாரும் எனக்குப் பின்னாடி நின்னாங்க. கேட்டைத் திறக்கச் சொன்னோம். அடையாள அட்டை இருக்கான்னு கேட்டீங்க. வீடு எரியும்போது யாரு அட்டையைத் தேடுவாங்க? நாளைக்கு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னீங்க."

அதிகாரி நிமிர்ந்தார்.

"நீங்கதான் சொன்னீங்க. இதே கண்ணாடி போட்டிருந்தீங்க."

போனைக் கவிழ்த்து வைத்தார். "யாரு?" என்றார். "யாரு பேசறது?"

கிளி கையை நீட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள். பெஞ்சைப் பார்த்தார்கள். பிறகு கிளியைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஊர்த்தலைவர் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"மேடம்..." என்றார். நாக்கு குழறியது. "மேடம்... நிறுத்துங்க."

கிளி நிறுத்தத்தான் பார்த்தாள்.

முடியவில்லை.

"நாங்க எங்கயும் போகல. தொட்டிக்குக் கீழதான் இருக்கோம்."

சொட்... சொட்...

"மேல தண்ணி கசியுது. ஈரம். பிள்ளைங்க தூங்க மாட்டேங்குது."

அப்போதுதான் கிளி அதைக் கவனித்தாள். அந்தப் பெண்ணின் உதடு அசையவில்லை. வெகு நேரமாகவே அசையவில்லை.

தன் வாய் மட்டும்தான்...

டமார்!

அதிகாரி மேசையில் ஓங்கி அடித்திருந்தார். கிளியின் வாய் பட்டென்று நின்றது.

கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

பலகை மட்டும் நனைந்திருந்தது.

*

திரும்பும் வழியில் ஓட்டுநர் கண்ணாடி வழியாக ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரர்தான். வழக்கமாக வாய் ஓயாத மனிதர். அன்றைக்கு வண்டியின் எல்லா ஜன்னலையும் திறந்தே வைத்திருந்தார்.

அதிகாரிதான் பேசினார்.

"யாரு சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். அந்தம்மா பேசினாங்க. நான் மொழி மாத்திச் சொன்னேன்."

"எந்தம்மா? அங்க யாருமே இல்ல."

"சார்... கேட்டுல நீங்கதான் நின்னீங்களா?"

அவர் சாயங்காலமே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் சொந்தச் சரக்கைச் சேர்த்துப் பேசினார், மனநிலை சரியில்லை என்று.

விசாரணை வைத்தார்கள். எதிரே மூன்று பேர். மூன்று பேருக்கும் நீல அட்டை. "மன்னிப்புக் கேட்டால் இத்தோடு விட்டுவிடுகிறோம்" என்றார்கள். இரண்டு வருடத்தில் கிளி வாயிலிருந்து யாருடைய பேச்சிலும் ஒரு சொல் கூடியதில்லை. அதற்குப் போய் மன்னிப்பா?

"தொட்டியை இடிச்சுப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா நானே கிளம்பிடறேன்" என்றாள்.

சிரித்தார்கள். ஆனாலும் அவள் விடவில்லை. தினமும் போய் அதே கதவைத் தட்டினாள். தொல்லை தாங்காமல் கடைசியில் பொறியாளர்களை அனுப்பினார்கள்.

தொட்டியின் அடித்தளத்தை உடைத்தார்கள். தோண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் தள்ளி நின்றுகொண்டார்கள்.

அந்த ஊருக்கு மேலே மலையில், தனி மொழி பேசும் ஒரு சிறு கூட்டத்தார் வாழ்ந்தார்களாம். சண்டையில் எங்கேயோ போய்விட்டார்கள் என்றுதான் ஊர் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தது. ஊர்த்தலைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இதற்குப் பிறகாவது கிளிக்கு நியாயம் கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கண்ணாடிக்காரர் தலைமையகத்துக்குப் போனார், இன்னும் பெரிய நாற்காலிக்கு. நிரந்தர வேலை வேறு யாருக்கோ போனது. கிளியின் ஒப்பந்தத்தை உடல்நலம் காரணமாக நீட்டிக்கவில்லை என்றார்கள். எந்த உடம்புக்கு என்ன கேடு என்று கேட்டாள். மஞ்சள் அட்டையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"விடு கிளி. எலும்பையாவது வெளிய எடுத்துக் கொடுத்தியே. உன் அதிகாரியால அதுகூட முடியல" என்றான் அண்ணன். இந்தத் தடவை அவன் கிண்டல் பண்ணவில்லை.

"அதுக்குத்தானே அண்ணா போனேன். ஆனா அனுப்பிட்டாங்களே" என்றாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எதிரே யாரும் இல்லாததால் தலையணையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஒலிப்பதிவுக்காரர்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். மலை மொழியை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எனக்கு மலை மொழி தெரியாதே."

"விளையாடாதீங்க மேடம்."

"சத்தியமா தெரியாது. அந்தம்மா ஊர் மொழியிலதான் பேசினாங்க."

"மேடம்... பதிவுல வேற யார் குரலும் இல்ல. மலை மொழியில பேசறதும் நீங்கதான். அதை அதிகாரிக்கு மாத்திச் சொல்றதும் நீங்கதான்."

கிளி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்த மொழி தெரிஞ்சவங்க இப்ப அந்தப் பக்கத்துலயே யாரும் இல்ல" என்றார் அவர். "எங்கயோ ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடிச்சு அனுப்பினோம். அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க பேசற மாதிரி இருக்குன்னு சொல்றாரு. நீங்க மாத்திச் சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையாம். ஆனா..."

"ஆனா?"

"அதிகாரி மேசையில அடிச்சாரே, அப்போ மலை மொழியில கடைசியா ஒண்ணு சொல்றீங்க. அதை மட்டும் மாத்திச் சொல்லல. இருங்க, போட்டுக் காட்டறேன்."

இரைச்சல். மேசை அதிரும் சத்தம். அதன் அடியில் ஒரு குரல்... அவளுடைய குரல்தான். வாழ்நாளில் கேட்டேயிராத ஒரு மொழியில்.

"கேட்டுச்சா மேடம்? பேராசிரியர் அர்த்தம் எழுதி அனுப்பியிருக்காரு. வாசிக்கிறேன்."

"வேண்டாம்" என்றாள் கிளி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது.

"எந்திரிங்க பிள்ளைங்களா... இவளுக்குக் காது கேக்குது. நாம இவகூடப் போயிடலாம்."