துஷாரி கொடுத்தால் மட்டும் இறங்கும் மாத்திரை

மனநோய் வார்டில் நர்ஸ் வேலை என்பது பாதி மாத்திரை கொடுப்பது, மீதி, கொடுத்த மாத்திரை எங்கே போனது என்று தேடுவது. கன்னத்துக்குள், நாக்குக்கு அடியில், கொண்டைக்குள், முந்தானை முடிச்சில், ஜன்னலோரத்து ரோஜாத் தொட்டியில் என்று நாங்கள் பார்க்காத ஒளிவிடம் கிடையாது. வீட்டில் அப்பாவுக்கோ மகளுக்கோ மாத்திரையை நீட்டிவிட்டு, "முழுங்கிட்டியா, எங்க வாயத் தொற" என்று தினமும் கெஞ்சுகிறவர்களே, நீங்களும் நம் கட்சிதான். ஆனால் இந்தக் கதைகளில் நோயாளிகளின் வியாதியை விட என் வியாதிதான் அதிகம் வரும். பொறாமைக்கு இன்னும் யாரும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் நான் அதைக் கன்னத்துக்குள் ஒளித்து வைத்துக்கொள்வேன்.

என் ராஜ்ஜியம்

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அதில் பெண்கள் மனநோய் வார்டில் தமிழ் பேசும் நர்ஸ் நான் ஒருத்திதான். தேயிலைத் தோட்டத்திலிருந்து யாராவது வந்தால், "பிலோமினாவைக் கூப்பிடுங்க" என்று வாசலிலேயே சத்தம் கேட்கும். பக்கத்து வார்டுகளிலிருந்தும் ஆள் அனுப்புவார்கள். டாக்டர் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், அவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள், நான் சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். வாய் காய்கிறது, கை நடுங்குகிறது, காதில் குரல் கேட்பது குறைந்திருக்கிறது என்பதெல்லாம் என் வாய் வழியாகத்தான் டாக்டரின் காதுக்குப் போகும்.

அந்தப் பெருமையில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்பிட்டிய ஏற்றத்தில் பஸ் வராவிட்டாலும் நடந்தே வீட்டுக்குப் போவேன், கால் வலிக்காது. நர்ஸ்மாரை இங்கே மிஸ்ஸி என்பார்கள், வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பெரிய மிஸ்ஸி. அவர் லேசில் யாரையும் புகழ மாட்டார். அவரே ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை வைத்து, "இவ லீவு எடுத்தா இந்த வார்டுல பாதிப் பேர் ஊமையாயிடுவாங்க" என்றார்.

வந்து சேர்ந்தாள் துஷாரி

குருநாகல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தாள். சின்னப் பெண், சிங்களப் பெண். அவளுக்குத் தெரிந்த தமிழை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். அம்மா, வாங்க, நல்லம், சாப்பிடு. மாத்திரைக்குத் தமிழ் தெரியாததால் சிங்களத்தில் "பெத்தி" என்றே சொல்வாள். வயது முதிர்ந்தவர்களையும் "நீ" என்பாள். நானாக இருந்தால் அந்த ஒரு "நீ"க்கே அடி விழுந்திருக்கும்.

வார்டில் மீனாட்சியம்மா என்று ஒருவர் இருந்தார். கம்பளைக் கடைக்காரர் ஒருவரின் தாயார். அவருக்கு ஒரு மாத்திரை கொடுப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். இது எதற்கு, அது ஏன் வெள்ளை, நேற்று மஞ்சளாக இருந்ததே, டாக்டர் படித்தவர்தானா என்று ஒவ்வொன்றுக்கும் வாதம். துஷாரி போனாள். "அம்மா, நீ நல்ல பிள்ள, பெத்தி சாப்பிடு" என்றாள். அம்மா வாங்கி, தண்ணீர் குடித்து, கேட்காமலேயே வாயைத் திறந்தும் காட்டினார். எனக்கு மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது. அவள் அந்தப் பக்கம் போனதும் கட்டிலருகே போய், என்னம்மா இது அநியாயம் என்று நேராகவே கேட்டேன். அவர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ பேசுறது எல்லாம் புரியுது, அதனால சண்ட போடத் தோணுது. அது பேசுறது ஒண்ணும் புரியல, முழுங்கிட்டேன்."

முருகனும் நானும்

கிளினிக் நாட்களில் வெளியிலிருந்து மாதாந்தம் மருந்து வாங்க வருகிறவர்களையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும். அப்படி வந்துகொண்டிருந்தவர் ஒரு துணிக்கடை முதலாளியின் மகன். லித்தியம் எடுப்பவர். அந்த மருந்து நல்ல மருந்து, ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பை நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மகன் குணமாகி வருகிறான் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முருகனுக்கு விரதம் இருந்திருக்கிறார்கள், சொட்டுத் தண்ணீர் இல்லாமல். குணமான மகனும்தான்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பார்த்தேன். வழக்கமான சின்ன நடுக்கம் இல்லை, கோப்பையைப் பிடிக்க முடியாத நடுக்கம். எழுந்தால் தள்ளாட்டம், வந்த வழியெல்லாம் வாந்தி என்றார்கள். டாக்டரிடம் ஓடினேன். மாத்திரையை நிறுத்தி, இரத்தம் எடுத்து, சேலைன் ஏற்றி, ஆளைக் காப்பாற்றினோம். நான் கத்தோலிக்கச்சி, எனக்கும் முருகனுக்கும் முன்பகை எதுவும் இல்லை. ஆனால் முதலாளி கோயிலுக்கு வெள்ளி வேல் கொடுத்துவிட்டு, டாக்டருக்கு ஒரு பழக்கூடையும், வாசலில் சும்மா நின்ற துஷாரியின் கையில் ஒரு லட்டுப் பெட்டியும் கொடுத்தபோது எனக்கு மூன்று பேர் மேலும் வயிறு எரிந்தது. என்னைக் கண்டதும் முதலாளி இரண்டு கைகளையும் கூப்பினார். "முருகன் குடுத்த உசுரு மிஸ்ஸி. நீங்களும் பக்கத்துல நின்னீங்க, அத மறக்க மாட்டேன்."

பகல் தூக்கம்

மத்தியானச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்தால் வார்டு முழுவதும் தூங்கும். மழை வேறு பெய்தால் கேட்கவே வேண்டாம். தூக்கம் வருவது பக்க விளைவு என்று புத்தகத்தில் படித்தோம். எனக்கு அது பாக்கியமாகத்தான் தெரிகிறது. நான் ஒரு கையில் பிரஷர் பார்க்கும் கருவியோடு, இன்னொரு கையால் கொட்டாவியை மூடிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். லில்லி என்று ஒரு நோயாளி, குணமாகி வீட்டுக்குப் போகக் காத்திருந்தவள், ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். "டாக்டர்கிட்டச் சொல்லி ஒங்களுக்கும் ஒரு அரை மாத்திர எழுதி வாங்கிக்குங்க மிஸ்ஸி, பாக்கப் பாவமா இருக்கு."

புஷ்பாவின் வாய்

புஷ்பா ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். என் அக்கா கல்யாணம் கட்டிப் போன இடமும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் அங்குள்ள சின்னக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவேன். அதனால் புஷ்பாவை வார்டில் பார்த்ததும், இது நம்ம ஆள், என் கையில்தான் குணமாகப் போகிறாள் என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன். அவள் காதில் யாரோ ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று பயந்து கொலைப்பட்டினி கிடந்தாள். கம்பளையில் இருக்கும் அவள் அக்காவுக்குப் பிள்ளைப்பேறு, உதவிக்குப் போயிருக்கிறாள் என்று புருஷன் லயத்து வரிசை வீடுகளில் சொல்லி வைத்திருந்தான். மகள் ஷெரின் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்காக மாத்திரை எடுத்தால் அதற்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளை உடுப்பில் மகளைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர புஷ்பாவுக்கு வேறு பேச்சில்லை.

ஆனால் நான் கொடுத்த மாத்திரை அவள் வயிற்றுக்குப் போகவே இல்லை. கன்னத்தில் ஒதுக்கி, நான் திரும்பியதும் துப்பிவிடுவாள். என் அக்காவிடம் வாங்கி மாங்காய் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊறுகாயைச் சாப்பிட்டாள், மாத்திரையைத் துப்பினாள். "ஒங்க சித்தியப் பூசையில பாத்தேன், ஒங்க மாமியா ஆட்டுக்குட்டி வாங்கியிருக்காங்களாம்" என்று ஊர்க்கதை எல்லாம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் வாய் இறுகியது. துஷாரி வந்து "புஷ்பா, நல்லம், பெத்தி" என்றால் உடனே முழுங்குவாள், நாக்கைத் தூக்குவாள், சிரிக்கவும் செய்வாள்.

நான் இரண்டு நாள் துஷாரியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கலக்கிக் கொடுத்த பிளேன்டீயையும் தொடவில்லை. அந்தப் பெண்ணோ ஒன்றும் புரியாமல் என் பின்னாலேயே வந்து சிங்களத்தில் கேட்டாள்: "அக்கே, தமிழ் வாத்தி ஒருத்தர்கிட்டப் படிக்கட்டுமா? நான் சரியாப் பேசுறதில்லன்னுதானே கோவம்?"

துஷாரிக்கு லீவு

அவளுடைய அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனாள். பாவம் என்று வாயால் சொன்னேன், உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இனி புஷ்பா என்னிடம்தானே வர வேண்டும்? வரவில்லை. காலை மாத்திரை ரோஜாத் தொட்டியில் கிடந்தது, மாலை மாத்திரை தலையணை உறைக்குள். அடுத்த நாளும் அப்படியே. பழையபடி தனக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்ப ஏலாது என்று டாக்டர் முகத்தைச் சுருக்கினார். எனக்குப் பட்டாசெல்லாம் நமுத்துப் போனது. ஷெரின் தாயில்லாமல் பீடத்துக்கு முன்னால் நிற்கப் போகிறாள், அதுவும் என் டியூட்டியில்.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து கோபமாகவே கேட்டேன். "நான் ஒங்க ஆளு இல்லையா புஷ்பா? ஒங்க பாஷதானே பேசுறேன்? என்கிட்ட மட்டும் ஏன் வாங்க மாட்டேங்குறீங்க?" அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அதுதான் மிஸ்ஸி. நீங்க எங்க கோயிலுக்கு வர்றவங்க. கோயில் பெருநாளுக்கு அத்தன சனத்துக்கு முன்னால, இந்த வார்டுல இருந்து சொகமாகி வந்த மேரியப் புடிச்சு, மாத்திர ஒழுங்காப் போடுறியான்னு அன்பாத்தான் கேட்டீங்க. அன்னையிலருந்து அவள யாரும் மேரின்னு கூப்புடறதில்ல. மாத்திரக்காரின்னுதான் கூப்புடுறாங்க. துஷாரி மிஸ்ஸிக்கு எங்க லயத்துல ஒரு நாயக்கூடத் தெரியாது."

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மற்றவர்கள் சுகமா என்று கேட்கிற இடத்தில் நாங்கள் மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்போம். எனக்கு முகம் சுட்டது. தமிழ் தெரியும் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது இவர்களுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும். கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். கோயிலில் உங்களை எனக்குத் தெரியாது, நீங்கள் யாரோ, நான் யாரோ.  புஷ்பா கையை நீட்டி மாத்திரையை வாங்கினாள். முழுங்கினாள். நான் கேட்காமலேயே நாக்கைத் தூக்கினாள். அந்த நாக்கைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு தொழில்காரர்களுக்கு விளங்க வைக்க முடியாது. தண்ணீர்க் கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டுப் புஷ்பா சொன்னாள்: "ஆனா துஷாரி மிஸ்ஸிய நான் மொத நன்மைக்கு வரச் சொல்லப் போறேன். கம்பளையில அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் புள்ளன்னு சொல்லிக்கலாம்."

முதல் நன்மை

புஷ்பாவை டாக்டர் அனுப்பிவைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த துஷாரி சேலை கட்டி, முன் வரிசையில் புஷ்பாவின் மாமியாருக்குப் பக்கத்தில் இருந்தாள். எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்காலில் நிற்க வேண்டும் என்று தெரியாமல் மாமியாரைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஷெரின் வெள்ளை உடுப்பும் தலையில் வலைத்துணியும் போட்டு, மெழுகுதிரியோடு பீடத்துக்குப் போனாள். புஷ்பா அழவில்லை. நான்தான் அழுதேன், கடைசி வாங்கில் இருந்தால் யாருக்கும் தெரியாது.

பூசை முடிந்து வெளியே தேத்தண்ணீரும் கேக்கும் கொடுத்தார்கள். ஷெரின் துஷாரியைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தாள், ஐசிங் பூ வைத்த துண்டை அவள் வாயிலேயே ஊட்டினாள். புஷ்பா தட்டோடு ஒவ்வொருவராக வந்தாள். நர்ஸின் கண்ணுக்கு ஓய்வு ஏது, கையைத்தான் பார்த்தேன். நடுக்கம் இல்லை. கண் தெளிவாக இருந்தது. என்ன மாமி, இன்னொரு துண்டு எடுங்க என்று எல்லோரோடும் சிரித்துப் பேசினாள். என்னிடமும் தட்டை நீட்டினாள், முன்பின் தெரியாதவருக்கு நீட்டுவதைப் போல. நான் ஓரத்துத் துண்டை எடுத்துக்கொண்டு நன்றி என்றேன். அப்போது பக்கத்தில் நின்ற மேல் லயத்துக்காரி ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே, "ஏய் புஷ்பா, இது பைத்திய வார்டு மிஸ்ஸியில்ல? ஒனக்குப் பழக்கமா?" என்றாள். என் கையில் கேக் அப்படியே நின்றது. புஷ்பா என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள், கண் கொட்டாமல், குரல் தடுமாறாமல். "யாரு, இவங்களா? நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

இயேசுவை எனக்குத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது ஆண்டவருக்காக ஒரு சேவலாவது கூவியது, எனக்குக் கிடைத்ததெல்லாம் துஷாரியுடையதை விடச் சின்னதாக, ஐசிங் இல்லாத ஒரு துண்டுக் கேக்தான்.