நான்கு திருகாணிகளும் ஒரு பொய் விரதமும்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். இரண்டு முறை நோட்டில் ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். என் வாய் நாறியது என்று சொல்ல வெட்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முருகன் பெயரை வைத்துப் பொய் சொன்னவன் நான். அதை என் கையால் எழுதி வைக்கப் பயமாக இருந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈறில் சீழ் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கும் யாரோ ஒருவர் இதைப் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன். முன்பு வசதியாக இருந்து இப்போது இல்லாமல் போனவர் என்றால் அவருக்குத்தான் இது முக்கியமாக.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. நாள் முழுக்க நின்றபடி வேலை. கூட்டம் குறைந்தால்தான் சாப்பாடு. பசித்தால் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. பல் வலித்தால் கிராம்பு. கிராம்புக்கும் அடங்காவிட்டால் பிடுங்கிவிடுவோம். பல்லைக் காப்பாற்ற ஒரு வைத்தியம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. முப்பது வயதுக்குள் கீழ்த்தாடையில் ஐந்து பற்கள் போய்விட்டன. கடையில் எல்லோர் வாயும் அப்படித்தான் இருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பிறகு முருகன் கண் திறந்தான். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் சின்னதாகச் சொந்தக் கடை போட்டேன். அது வளர்ந்தது. அடையாறில் ஃப்ளாட் வாங்கினோம். அங்கே காலையில் பூங்காவில் நடக்க வருபவர்கள் எழுபது வயதிலும் முழுப் பல் வரிசையோடு சிரித்தார்கள். நான் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன்.

மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு என் மனைவி செல்வி சொன்னாள்: "ஒரு போட்டோவுலயாவது வாயத் திறந்திருக்கீங்களா? பொண்ணக் கட்டிக் குடுக்கிற ஆளு மாதிரியா இருக்கீங்க? போலீசு புடிச்சிட்டுப் போற ஆளு மாதிரில்லா இருக்கீங்க."

பக்கத்திலேயே ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். ஏசி அறை, மீன் தொட்டி. டாக்டர் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றார் (தாடை எலும்பில் திருகாணியைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறை). எனக்கு நான்கு திருகாணிகள் வைத்தார்கள். எலும்பு அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள நான்கைந்து மாதம் ஆகும், அதுவரை கழற்றி மாட்டும் ஒரு தட்டுப் பல், அதன்பிறகு நிரந்தரப் பல் என்றார்கள்.

அந்த நான்கைந்து மாதத்துக்குள் கடை போய்விட்டது. கட்டடம் கைமாறியது. மாறிய இடத்தில் வியாபாரம் எடுக்கவே இல்லை. ஃப்ளாட்டை விட்டுப் பாலவாக்கத்தில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தோம். தி.நகரில் இன்னொருவர் கடை வாசலில் நின்று, "வாங்கம்மா, வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடும் வேலை கிடைத்தது. ஐம்பத்தாறு வயதில், நான் ஆரம்பித்த இடத்துக்கும் ஒரு படி கீழே நின்றேன்.

கிளினிக்கிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. "சார், எப்ப வர்றீங்க?" ஊரில் இருப்பதாகச் சொன்னேன். சார் என்று கூப்பிடுகிறவர்களிடம் இனி என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? செல்வியிடம் வைத்தியம் முடிந்துவிட்டது, இந்தத் தட்டுப் பல்தான் கடைசி என்று சொல்லிவிட்டேன். அவள் அப்போது தாலிச் செயின் போய் மஞ்சள் கயிற்றோடு இருந்தாள். அவளிடம் இன்னொரு இழப்பையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து முதல் அறிகுறி தெரிந்தது. காலையில் துப்பியபோது ரத்தம், நாக்கில் துருப்பிடித்த சாவியைச் சப்பியது போல ஒரு ருசி. ஒரு திருகாணியைச் சுற்றி ஈறு தடித்திருந்தது. அப்புறம் வீக்கம், சீழ். நாற்றத்தை மறைக்க ஏலக்காய் மென்றேன். வாசலில் ஆட்களைக் கூப்பிடும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன். எனக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. சர்க்கரை ஈறைக் கெடுக்கும், ஈறில் உள்ள கிருமி சர்க்கரையை ஏற்றும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அரசு பல் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். அந்த வரிசையில் என் பழைய கடை ஆட்களோ வாடிக்கையாளர்களோ என்னைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஏசி கிளினிக்குக்கும் போக முடியவில்லை, இலவச வரிசைக்கும் போக முடியவில்லை. நடுவில் தாடை அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு கிருத்திகை அன்று உண்மையாகவே விரதம் இருந்தேன். கடை மாடியில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, அன்று ஒரு நாள் மெல்ல வேண்டிய பயம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கேஷியர் மல்லிகா காராசேவை நீட்டினாள்.

"விரதம்மா" என்றேன்.

"இன்னா அண்ணாச்சி, கிருத்திகை நேத்தே பூட்ச்சே?"

"நாப்பத்தெட்டு நாள் இருக்கேன்."

வாயில் இருந்து விழுந்துவிட்டது. நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் இன்னொரு நாற்பத்தெட்டு என்றேன். கஞ்சி, பால், கனிந்த வாழைப்பழம். கல்யாண வீட்டிலும் அதேதான். யாரும் வற்புறுத்தவில்லை, கும்பிட்டார்கள். சேல்ஸ்மேன்கள் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மல்லிகா தன் மகன் வேலைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அந்த வேண்டுதலை மட்டும் நான் பொய்யாகச் செய்யவில்லை. தினமும் அந்தப் பையன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன்.

இதற்கிடையில்தான் செல்வி சொன்னாள்: "நீங்க ஒத்தையில கஞ்சி குடிக்கையில எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? நானும் இருக்கேன்."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. போன கடை திரும்பி வர வேண்டும் என்று நான் விரதம் இருக்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். எட்டு மாதம் எனக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது. என் பல்வலிக்காக அவள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நானும் குடித்தேன். உண்மையைச் சொன்னால் விரதம் பொய், பல் பொய், வைத்தியம் முடிந்தது என்றதும் பொய் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வரும்போது குளத்துக்குப் பக்கத்தில் செல்வி மயங்கி விழுந்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்: "இன்னா நைனா, பாத்துக்கினு கீற? காலப் புடி, தூக்கு!"

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சின்ன வயது டாக்டரம்மா கேட்டார்: "ரத்தமே இல்லையேம்மா. என்ன விரதம் இது?"

"எனக்கென்ன தெரியும்? இவங்க இருக்காங்க, நானும் இருக்கேன்" என்றாள் செல்வி.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எதுக்கு சார் இருக்கீங்க?" அவர் கண் என் கன்னத்தில் நின்றது. "அது என்ன வீக்கம்? வாயத் திறங்க."

தட்டுப் பல்லைக் கழற்றினேன். செல்வி முன்னால் நான் அதைக் கழற்றியது அதுவே முதல் தடவை. கட்டிலைச் சுற்றி இழுத்திருந்த திரைக்குள் நாற்றம் நிறைந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

செல்வி வெகுநேரம் குளுக்கோஸ் சொட்டுவதையே பார்த்தாள். பிறகு, "சோறு திங்காதன்னு முருகன் வந்து சொன்னானா?" என்றாள். அப்புறம், "தீபாவளிக்கு அதிரசம் சுட்டு நாக்குலகூட வைக்காம ஊருக்கெல்லாம் குடுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள் அரசு பல் மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றவளும் அவள்தான்.

அங்கே முழுத் தாடையையும் ஒரே எக்ஸ்ரே படமாக எடுத்தார்கள். பெரிய டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து மாணவர்களுக்குக் காட்டினார். "இந்த அஞ்சு இடமும் சின்ன வயசுல பிடுங்கினது. இந்த இம்ப்ளான்ட் எல்லாம் கையில காசு இருந்தப்ப வச்சது. மேல பல்லு கட்டல பாருங்க, அப்ப காசு நின்னு போச்சு." என்னைப் பார்த்து, "சரிதானே ஐயா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. நான் மறைத்து வைத்த முப்பத்தைந்து வருடத்தை ஒரு கறுப்புப் பிலிமில் அரை நிமிடத்தில் வாசித்துவிட்டார்.

இரண்டு திருகாணிகளைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. அவற்றை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை, எலும்பிலிருந்து அவை வரும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. முன்னாலேயே வந்திருந்தால் சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். கரைந்த எலும்பு திரும்ப வளராது. மற்ற இரண்டும் உறுதியாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். அவற்றின்மேல் இனி பல் வரப்போவதில்லை, அவை வெளியே வரப்போவதும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு புதிதாக ஒரு செட் பல் செய்து கொடுத்தார்கள்.

கடைக்குத் திரும்பிய முதல் நாளே மல்லிகாவிடம் நடந்ததைச் சொன்னேன். அதற்குள் அவள் மகனுக்குப் பெருங்குடியில் வேலை கிடைத்திருந்தது. அவள் என் காலைத் தொட வந்தாள்.

"விரதமே இல்லம்மா. பல்லு வலி. பொய் சொன்னேன்."

"சும்மா இரு அண்ணாச்சி. பெரியவங்க இப்டித்தான், செஞ்சத ஒத்துக்கவே மாட்டீங்க."

இன்றுவரை அவள் நம்பவில்லை. கடையில் இன்னும் நான் சாமிதான். வாசலில் நின்று கூப்பிடுகிறேன். புதுப் பல்லில் சில வார்த்தைகள் சறுக்குகின்றன. ஒரு இட்லி சாப்பிட முன்பு ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆகிறது. செல்வி முடித்துக் கை கழுவி வந்து, என் எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறாள். காலையில் கண் திறப்பதற்கு முன் என் நாக்கு போய் அந்த இரண்டு இரும்பையும் தொட்டுப் பார்க்கிறது. அடையாறில் இருந்த ஆள் அங்கே உள்ளேயே நிற்கிறான். அவனை வெளியே விடவும் வழியில்லை, சாப்பிட வைக்கவும் வழியில்லை.

இதை உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். என் பெயரை விட்டுவிட்டால் பரவாயில்லை. ஆனால் நாலு கை மாறும்போது, எட்டு மாதம் விரதம் இருந்தார், முருகன் நோயைத் தீர்த்தான் என்று இது திரிந்துவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தயவுசெய்து அப்படி ஆக்காதீர்கள். நான் பயந்துபோய்ப் பொய் சொன்னேன், என் மனைவி பட்டினி கிடந்தாள், மருத்துவமனை வரிசையில் நின்ற பிறகுதான் சீழ் நின்றது. இதை இப்படியே கொடுங்கள்.