சீல் பிரிக்கப் பயந்த காலை

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றவள் நான். படிப்பு பத்தாவதோடு சரி. போனில் பார்த்து ஜாவாவில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்ததும், லேபிள் அச்சிடும் புரோகிராமைக் கவனிக்கக் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்தார்கள். சோதனைக்குத்தான். சரிவராவிட்டால் மறுபடி லைன்.

ஒருநாள் காலை, புதிய பாகம் ஒன்றின் லேபிளில் மட்டும் பார்கோடு விழவில்லை. லாரி வாசலில் நின்றது. என் வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பார்கோடு வரைவது லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதி எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம். அதற்குள் நுழைந்ததும், 'சோர்ஸ் கிடைக்கவில்லை', அதாவது அதை எழுதிய மூல வரிகள் இல்லை என்றது திரை. எதையோ அழித்துத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கீழே, சோர்ஸை இணைக்க ஒரு பட்டன். லைனில் மெஷின் மூடியின் சீலை அனுமதியில்லாமல் பிரித்தால் மெமோ. இதுவும் அப்படித்தானே? இணைப்பது ஓடும் புரோகிராமில் போய் ஏறி, மற்ற லேபிள்களும் நின்றுபோனால்?

அறைக்குப் பொறுப்பான அக்கா டீயோடு வந்தார். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

"இன்னாடி, பேயறைஞ்சா மாரி குந்திக்கினுகீற?"

"யக்கா, இத அமுக்குனா எதும் ஆயிருமா?"

"இன்னா ஆவும்? உள்ள எழுதிக்கீறத காட்டும், படிச்சிக்கலாம். அவ்ளோதான். எதையும் மாத்தாது."

"மேனேஜர் சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவமாக்கா?"

"ஏன், கலெக்டராண்ட மனு குடேன்! அமுக்குடி."

லைப்ரரியை இறக்கியபோதே அதன் சோர்ஸும் தனிக் கோப்பாக வந்திருந்தது. அதைக் காட்டி அழுத்தினேன். ஒன்றும் வெடிக்கவில்லை. நான் எழுதுவது போன்ற அதே ஜாவாதான் உள்ளேயும். எண்ணைத் தவிர வேறெது வந்தாலும் வரையாமல் திரும்பிவிடு என்று ஒரு வரி. எங்கள் புதிய பாக எண்ணின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட என் பக்கம் ஒரு வரி சேர்த்தேன். பார்கோடு விழுந்தது. லாரி கிளம்பியது.

"இந்தப் பொண்ணு இங்கியே இருக்கட்டும் சார்," என்று அக்கா போனில் சொன்னார். மேனேஜர் சரி என்றாராம். எழுத்தில் எதுவும் வரவில்லை. கேட்டால் மறுபடி யோசிப்பார்களோ என்று நானும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வேலை இல்லாத நேரத்தில் லைப்ரரிகளைத் திறந்து சும்மா படிக்கிறேன். ஒன்றில், 'இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை, தயவுசெய்து தொடாதீர்கள்' என்று அதை எழுதியவரே குறிப்பு வைத்திருந்தார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.