மந்திரித்த உப்பும் எட்டுப் பெட்டி நத்தையும்

1933ஆம் ஆண்டு ஜூன் 12, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கண்டியில் மூன்று நாளாக விடாத தூறல். வீட்டின் பின்புறம் தகரத்துக்குக் கீழே வரிசையாக வைத்திருந்த எட்டுத் தேயிலைப் பெட்டிகளின் கம்பி வலையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எட்டிலும் நுரை. முந்நூற்று நாற்பது நத்தைகள் விட்டிருந்தேன். உயிரோடு இருந்தவை பதினொன்று.

நான் வளர்த்தது ஆப்பிரிக்க நத்தை என்று ஊரார் சொல்லும் பெரிய இனம். கோவா, போஞ்சி, பப்பாசி என்று தோட்டத்தில் விளையும் எதையும் அது விட்டுவைக்காது. அதைக் கொல்லாத தோட்டக்காரர் கண்டியில் இல்லை. பெட்டியில் வைத்துப் பெருக்கியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அடுத்த வீட்டு அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஊரே நத்தையக் கொல்லுது, கிளாக்கர் ஐயா தொட்டில் கட்டுறாரு" என்றார். பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தை அவர் வேலிக்கு வரும் நேரமாக மாற்றிக்கொண்டேன். நன்றாகப் பார்க்கட்டும்.

இந்தத் தொழிலில் நான் இறங்கியதற்குக் காரணம் என் மருமகன். தேயிலை விலை விழுந்தபோது, இருபத்தாறு வருடம் நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த கந்தோர் என்னை வீட்டுக்கு அனுப்பியது. நாவலப்பிட்டியில் ரயில்வேயில் இருந்த மருமகன் அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. எங்கள் இருவருக்குமாக ஓர் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று என்றார். என் மனைவிக்கும் மகளோடு போய் இருக்க ஆசைதான். மகளைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட என்னால் முடியாது. பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். டிசம்பர் மாத வீட்டு வாடகை ஏழு ரூபாயை நான் புதிதாகச் சம்பாதித்த காசில் கட்டவேண்டும். கட்டாவிட்டால் சாமான்களை ஏற்றிக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போகவேண்டும்.

அக்குறணையில் தாரா வாத்து வளர்க்கும் ஒருவர் கண்டிக் கடைகளுக்கு முட்டை கொண்டுவருவார். நத்தையை நசுக்கிப் போட்டால் வாத்து கூடுதலாக முட்டையிடும், வெயில் மாதங்களில்தான் நத்தை அகப்படுவதில்லை என்று அவர் குறைப்பட்டது என் காதில் விழுந்தது. எல்லா மாதமும் நான் தருகிறேன் என்றேன். அவர் என் கோட்டையும் சப்பாத்தையும் பார்த்தார்.

"தாரா திங்கும், கிளாக்கர் ஐயா. ஒங்களுக்கு அருவருப்பா ஈக்காதா?"

கந்தோரில் நான் பார்க்காத அருவருப்பா என்றேன். சிரித்துவிட்டுக் கூடைக்கு எண்பது சதம் என்று பேசி முடித்தார்.

அந்தத் திங்கட்கிழமை, பெட்டி மூலையில் கரையாமல் கிடந்த வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உப்பு. அடுத்த வீட்டு அம்மா நத்தைகளைப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுத்தான் கொல்வார். நான் வேலியை நோக்கி நடந்தேன். பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"அங்க போகாதீங்க. நான்தான் போட்டேன்."

முந்தின நாள் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து பங்குச் சாமியிடம் கேட்டு மந்திரித்த உப்பு வாங்கி வந்திருக்கிறாள். அவளுடைய அப்பா கடை திறந்தபோது வாசலில் அதைத்தான் போட்டார்களாம்.

"வாசலில்தானே போட்டார்கள்?" என்றேன்.

"இங்க எட்டுப் பெட்டி இருக்கே. ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம விடலாமா?"

பக்கத்து வீட்டு உப்பு வாளியை அவள் தினமும் பார்த்தவள். ஆனால் அது கடை உப்பு. இது கோயிலில் மந்திரித்தது. காக்குமே தவிரக் கொல்லும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மந்திரித்தாலும் நத்தைக்கு அது உப்புத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மருமகன் வந்து ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். போதும் மாமா, லொறிக்குச் சொல்லிவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். நான் பேசுமுன் மனைவி பேசினாள்.

"டிசம்பர்னுதானே பேச்சு, மாப்பிள்ளை? இது ஜூன் மாசம்."

"பதினொரு நத்தைதானே இருக்கு, அத்தை."

"கண்டியில நத்தைக்கா பஞ்சம்?"

மகளிடம் போக ஆசைப்பட்டவள் இதைச் சொன்ன பிறகு நான் வேறு என்ன செய்ய? அன்று மாலையே வேலியருகே போய் நின்றேன். முதல் நத்தைக் கூட்டத்தை வத்தேகமப் பக்கத்து ஆட்களுக்குக் கூலி கொடுத்துப் பிடித்தவன் நான். இந்த அம்மாவிடம் கேட்பதில்லை என்ற வீம்பு. அன்றும் கெஞ்சவில்லை. உப்பு வாளியில் போடுவதற்கு முன் என்னிடம் கொடுங்கள் என்றேன். காசு தருவீர்களா என்றார். தரமாட்டேன், உங்களுக்கு உப்பு மிச்சம் என்றேன்.

அவர் அந்த வீட்டு வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டார். தினமும் காலையில் வேலிக்கு மேலாக வாளிகள் வந்தன. "இந்தாங்க ஐயா, ஒங்க பேரப்பிள்ளைங்க" என்று ஒவ்வொரு வாளியோடும் ஒரு கேலியும் வந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டேன். உப்பு ஊறிய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டேன். நத்தையின் ஓடு கெட்டிப்பட, கோழிமுட்டைக் கோதை இடித்துப் போட்டது மனைவி. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணுக்குள் குன்றிமணியளவு முட்டைகள். ஒரு குழியில் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

நவம்பரில் அக்குறணைக்காரர் முதல் கூடையை எடுத்தார். டிசம்பர் முடியுமுன் பத்துக் கூடை. வாடகைக்கு வீட்டுக்காரர் வந்த அன்று மருமகனையும் வரச்சொல்லியிருந்தேன். மருமகன் கண்முன்னே ஏழு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இதற்கு மொத்தம் எவ்வளவு செலவானது மாமா என்று கேட்டார். உடன்பாட்டில் வரவைப் பற்றித்தான் பேச்சு, செலவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றேன். இன்றும் அதையே சொல்வேன். ஆனாலும் கேட்டவருக்குச் சொன்னேன்: பெட்டி, கம்பி வலை, தகரம், செத்துப்போன முதல் கூட்டத்தைப் பிடித்த கூலி எல்லாம் சேர்த்து இருபத்தொன்பது ரூபாய் அறுபத்தெட்டுச் சதம்.