கண்டிக்குத் திரும்பிப் போய்ப் பிடித்த சீட்

“நீ எப்ப படிக்கிற, தங்கச்சி?”

கண்டியிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் பன்வில பஸ்ஸில், பக்கத்தில் இருந்த சிந்துஜா அக்கா இப்படிக் கேட்டார். என் பையில், எந்த நேரம் எந்தப் பாடம் என்று கலர் கலராகக் கோடு போட்ட நேரசூசி மட்டும் இருந்தது. பாடசாலையை விட்டு வந்து, உயர்தரப் பரீட்சையை இரண்டாவது தடவை எழுத இருந்தேன். கண்டியில் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போவேன். புத்தகத்தைத் திறப்பேன். எழும்பித் தண்ணி குடிப்பேன். பிறகு நேரசூசியைத் திருத்துவேன்.

அக்காவுக்கு அது மூன்றாவது தடவை. கெம்பஸ் போக மூன்று தடவைதான் கணக்கு; இதையும் விட்டால் பல்கலைக்கழகத்துக்கு வழி இல்லை. கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை வேலை. வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில்; இரண்டு பக்கச் சுவரிலும் டீவி கேட்கும். அதனால் பஸ்ஸில்தான் படிப்பார். ஆனால் கண்டியிலிருந்து வரும் பஸ் கட்டுகஸ்தோட்டைக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் எதிர்ப்பக்கமாகக் கண்டிக்குப் போய், பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து புவியியல் புத்தகத்தைத் திறப்பார்.

“வீட்டுக்குப் போறதுக்கு பின்னுக்குப் போற ஆளு நீங்க மட்டுந்தான்,” என்பார் கண்டக்டர் இளங்கோ.

“நீங்க பாட்டைக் கொறைங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

அவர் குறைக்கமாட்டார்.

பரீட்சை நெருங்கும்போது தீபாவளி வியாபாரம் வந்தது. கடையில் பிந்தித்தான் விட்டார்கள். கண்டிக்குப் போய்வர நேரமில்லை. நான் கண்டியில் அந்தப் பிந்திய பஸ்ஸுக்குக் காத்திருந்து, பக்கத்துச் சீட்டில் பையை வைத்து அக்காவுக்கு இடம் பிடித்தேன்.

“இந்த பேக் எங்க எறங்குது?” என்றார் இளங்கோ.

“பன்விலயில. டிக்கட் குடுங்க.”

நின்றவர்கள் முறைத்தார்கள்.

ஒரு நாள் அக்காவுக்குப் பின்னால், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் ஏறினார். அக்கா அந்தச் சீட்டை அவருக்குக் காட்டிவிட்டார். எனக்குக் கோபம். இத்தனை பேச்சு வாங்கிப் பிடித்த இடம். என் இடத்தை அக்காவுக்குக் கொடுக்க எழும்பப் போனேன்.

“இரு. நாள் முழுக்க துணி காட்டி கண்ணு எரியுது. நீ வாசி, நான் கேக்குறேன்.”

அக்காவின் புத்தகத்தை வாங்கினேன்; எனக்கும் அதே புவியியல்தான். ஆறு எங்கே மண்ணை அரிக்கும், எங்கே படியவிடும் என்று மெல்ல வாசித்தேன். பின்னால் நின்ற ஒருவர், “மிஸ், கொஞ்சம் சத்தமா. இங்க கேக்கல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இளங்கோ போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

வழியில் வத்தேகமை வரும்போது பாடம் முடிந்திருந்தது. எழும்பாமல் நான் ஒரு பாடத்தை முடித்தது அன்றைக்குத்தான். எழும்ப இடமும் இருக்கவில்லை.

பரீட்சை வரைக்கும் அப்படியே போனது. நான் வாசிப்பேன், அக்கா கேள்வி கேட்பார். இரண்டு பேரும் எழுதிவிட்டோம். பெறுபேறு இன்னும் வரவில்லை. நான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அக்கா இப்போது கண்டிக்குப் போவதில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஏறி நின்றுகொண்டே வருகிறார். “வரட்டும், பாப்போம்,” என்கிறார். ஆனால் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் மாறிக்கொண்டே இருப்பார்.

நேற்று, அக்கா இருந்தது போலவே ஜன்னலோரத்தில் வேறொரு பிள்ளை இரசாயனவியல் புத்தகத்தோடு இருந்தாள். பஸ் புதியது, கண்டக்டரும் புதியவர். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. உங்கள் பஸ்ஸிலும் இப்படி யாராவது இருப்பார்கள். இதை உங்களுக்குத் தெரிந்த ஒரு கண்டக்டருக்காவது சொல்லிவிடுங்கள், பாட்டைக் கொஞ்சம் குறைக்கட்டும்.